மறைப்பு நடக்காத இரட்டையர்

கலைப்பீடத்துக்காரனுக்கு நட்சத்திரத்தில என்ன வேலை எண்டு நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு இது வரலாறாகத்தான் படுகிறது.

1783 இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஜோன் குட்ரிக் என்ற, காது கேளாத 18 வயதுப் பெடியன், அல்கோல் நட்சத்திரம் ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை மங்குவதைக் கணக்கிட்டார். ஏதோவொன்று சுற்றிவந்து அதை மறைக்கலாம் என்றார். (21 வயதில் இறந்துபோனார். அந்த வயதில் நாங்கள் அசைன்மென்டுக்குத் தவணை கேட்டுக்கொண்டிருந்தோம்.) அதன்பிறகு, ஒளியை அளந்து இரட்டை நட்சத்திரங்களைப் பிடிக்க இந்த மறைப்புத்தான் பெரும்பாலும் கைகொடுத்தது. ஆனால் அவற்றின் பாதையை மேலிருந்து பார்க்கிற கோணத்தில் நாங்கள் இருந்தால் மறைப்பே நடக்காது. அப்படியானவை இந்தக் கணக்கில் வரவேயில்லை.

2009 மார்ச்சில் நாசா ஏவிய கெப்லர் தொலைநோக்கி தேடியது கிரகங்களைத்தான். ஒரே துண்டு வானத்தில் சுமார் 150,000 நட்சத்திரங்களை அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் அளந்துகொண்டே இருந்தது. அதில் கேஓஐ-54 என்று இலக்கமிட்ட ஒன்று, 41.8 நாளுக்கு ஒருமுறை மங்குவதற்குப் பதிலாகப் பிரகாசித்தது. அதுவும் ஒரு வீதத்துக்கும் குறைவாக. தரையிலிருந்து பார்ப்பவருக்கு அதற்குள் விடிந்துவிடும், இல்லாட்டி முகில் மூடிவிடும்.

2011 இல் வில்லியம் வெல்ஷ் குழுவினர் விளக்கம் தந்தார்கள். சூரியனைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான இரண்டு நட்சத்திரங்கள், நன்றாக நீண்டுபோன நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன. பெரும்பாலான நாட்கள் எட்டத்தில் இருக்கும். நெருங்கும்போது ஒன்றையொன்று இழுத்து உருவத்தைக் கெடுக்கும், முகத்துக்கு முகம் சூடேற்றும். அந்த வெளிச்சம்தான் எங்களுக்குத் தெரிகிறது. பாதையை நாங்கள் கிட்டத்தட்ட மேலிருந்தே பார்க்கிறோம், குட்ரிக்கின் வழியில் இது அகப்பட்டே இராது. போதாததற்கு, ஒரு சுற்று முடிவதற்குள் 90 தடவை, 91 தடவை என்று சரியாக அதிரும் இரண்டு அலைகளும் அதன் ஒளியில் இருந்தன.

அடுத்த வருடம் இன்னும் பல வந்தன. கோணத்துக்கேற்ப சிலவற்றின் ஒளிவரைபு ஏறி இறங்கி, அச்சொட்டாக ஈசிஜி மாதிரியே இருந்தது. பெயரும் இதயத்துடிப்பு நட்சத்திரங்கள் என்றானது.

என்னை உலுக்கியது வேறு விசயம். அந்த வரைபுகளுக்குப் பொருத்திப் பார்த்த சமன்பாடு 1995 ஆம் ஆண்டினது! பவன் குமாரும் இரண்டு சகாக்களும் எங்கோ ஒரு பல்சாரின் துணை நட்சத்திரத்துக்காக எழுதியது. கெப்லர் வரும்வரை அது தாளிலேயே கிடந்தது. ஆவணக் காப்பகத்தில் எதை எழுதிவைத்தார்கள் என்பதோடு, எதை எழுத வழியே இருக்கவில்லை என்றும் பார்க்கச் சொல்லி எங்களுக்கு வகுப்பில் சொல்வார்கள். வானத்துக்கும் அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

2016 இல் வந்த கெப்லர் பட்டியலில் இப்படி 173 இருந்தன.