ஜூலியட்டின் அப்பா

ரோமியோ ஜூலியட் என்றாலே நம்ம ஆளுங்களுக்கு பால்கனியும் விஷமும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு அதில் முதலில் ஞாபகம் வருவது ஜூலியட்டின் அப்பா கேபுலெட். மனுஷர் ஆரம்பத்தில் தங்கமாகத்தான் இருக்கார். பாரிஸ் என்கிற பிரபு பெண் கேட்டு வரும்போது, 'சின்னப் பொண்ணு, ரெண்டு வருஷம் போகட்டும், அவளுக்கும் பிடிக்கணும்ல' என்கிற மாதிரி சொல்கிறார். இது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் ராத்திரி, பொண்ணை ஒரு வார்த்தை கேட்காமல், வியாழக்கிழமை கல்யாணம்னு பேசி முடிச்சிடறார்!

அவ மாட்டேன்னு சொன்னதும் பாருங்க... சர்ச்சுக்கு இழுத்துட்டுப் போவேன், தெருவில் பட்டினி கிடந்து சாவு என்று கத்தித் தீர்க்கிறார். அம்மா, உன்னோட எனக்குப் பேச்சே இல்லைன்னு போயிடறாங்க. பால் கொடுத்து வளர்த்த ஆயாவும் பாரிஸையே கட்டிக்கோன்னு சொல்லிடறா. ரோமியோவோடு ரகசியக் கல்யாணம் முடிஞ்சது ஆயாவுக்கு நல்லாவே தெரியும். ஒரே காட்சியில் மூணு பேரும் கைவிட்டாச்சு. அவளுக்கு இன்னும் 14 ஆகலை.

இந்த வயசு ஷேக்ஸ்பியர் வேணும்னே மாத்தினது. அவருக்கு மூலம் ஆர்தர் புரூக் 1562-ல் எழுதிய நீண்ட கவிதை. அதில் ஜூலியட்டுக்கு 16. பெத்தவங்க பேச்சைக் கேட்காத பிள்ளைகளின் கதி இதுதான்னு புரூக் முன்னுரையிலேயே அட்வைஸ் பண்றார். ஷேக்ஸ்பியர் அதைத் தூக்கிப் போட்டுட்டு, பெத்தவங்க சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அந்தக் காலத்தில் 13 வயசுக் கல்யாணம் சகஜம்தானேன்னு தோணும். இத்தாலியப் பணக்காரக் குடும்பங்களில் சின்ன வயசிலேயே கட்டிக் கொடுத்தாங்க. இங்கிலாந்தில் அப்படி இல்லை. சர்ச் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்தவர்கள் கணக்குப்படி சாதாரணப் பெண்களுக்குச் சராசரியாக 25, 26 வயதில்தான் முதல் கல்யாணம். ஆக, நாடகம் பார்க்க வந்த லண்டன்காரனுக்கும் அவ குழந்தைதான். ஷேக்ஸ்பியரே 1582-ல் 18 வயசில் கட்டிக்கிட்ட ஆன் ஹாத்தவேக்கு 26. மூத்த மகள் சூசன்னா பிறந்தது 1583. நாடகம் எழுதிய 1595 வாக்கில் அவளுக்கு 12. நாடகத்தில் ஆயாவுக்கு ஜூலியட் வயசில் ஒரு பொண்ணு பிறந்து செத்துப்போச்சு. அவ பேரு சூசன்.

அப்போதைய திருச்சபைச் சட்டப்படி ரெண்டு பேர் சம்மதித்தாலே கல்யாணம் செல்லும். 1604-ல் இங்கிலாந்துத் திருச்சபை 21 வயசுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேணும்னு விதி போட்டது, மீறினாலும் கல்யாணம் செல்லும். சட்டம் கொடுத்ததை வீடு கொடுக்கலை.

ஜூலியட்டோட அம்மாவும் கிட்டத்தட்ட அதே வயசில் பெத்தவங்கதான். கணக்குப் போட்டால் இப்ப 27, 28 இருக்கும். என் வயசு :-) மகளோட தனியா பேசணும்னு ஆயாவை வெளியே அனுப்பறாங்க, அடுத்த நொடியே திரும்பக் கூப்பிட்டுக்கறாங்க. தனியா பேச வரலை.

ரோமியோ வீட்டில் கத்தலே கிடையாது. ஆனா நாடகம் முழுக்க அவன் அப்பா அம்மாவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பையனுக்கு என்ன பிரச்சினைன்னு அப்பா, அவனோட நண்பன்கிட்ட விசாரிக்கிறார். ரோமியோ வருவதைப் பார்த்ததும் ரெண்டு பேரும் கிளம்பிடறாங்க. அவன் நாடு கடத்தப்பட்ட துக்கத்தில் அம்மா செத்தே போறாங்க. அவ்வளவு பாசம், ஆனா பேச்சு இல்லை.

கடைசியில் கல்லறையில் ரெண்டு அப்பாக்களும் கை குலுக்குகிறார்கள். அந்தக் கையை, மாப்பிள்ளை வீட்டார் மணப்பெண் பேரில் எழுதி வைக்கும் சொத்தாக நினைச்சுக்கிறேன்னு கேபுலெட் சொல்கிறார். உடனே மாண்டேகு, ஜூலியட்டுக்குத் தங்கச் சிலை வைக்கிறேன் என்கிறார். ரோமியோவுக்கும் அதே அளவுக்குச் சிறப்பா ஒண்ணு நான் வைக்கிறேன் என்கிறார் கேபுலெட்.