நாடியின் சீரின்மை

கடந்த வருடம் ஒருநாட் காலை, நுகேகொடையிலுள்ள எமது வீட்டில் தேநீர்க் கோப்பை எனது வலக்கையிலிருந்து நழுவிற்று. நாக்கும் குழறியது. சற்றுப் படுத்தெழுந்தால் சரியாகும் என்று இரண்டு மணித்தியாலங்களை வீணாக்கினேன். பத்திரிகைக்காரனின் அசட்டுத் துணிவு. சிறிய பாரிசவாதம் என்றனர் வைத்தியர்கள். அதனைத் தொடரும் முதலிரு நாட்களிலேயே பெரிய பாரிசவாதத்துக்கான ஆபத்து மிக அதிகம் என்பதையும் அங்குதான் அறிந்தேன்.

வீடு திரும்பியதும் மகள் ஒரு கைக்கடிகாரத்தை அணிவித்தாள். இதயத்துடிப்பு மாறுபாட்டை, அதாவது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதை, அது மில்லிசெக்கனிற் காட்டும். நல்ல நாடி மணிக்கூடு போல் அடிக்கவேண்டும் என்று நம்பி வளர்ந்த எனக்கு, சீரின்மை நல்லது என்பது விசித்திரமாகப்பட்டது. பழைய நூல்களைத் தேடலானேன்.

1733 இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேய மதகுரு, குதிரையின் நாடியிற் குழாய் பொருத்தி, மூச்சுக்கேற்ப இரத்த அழுத்தம் மாறுவதைக் கண்டார். 1847 இல் ஜேர்மனியரான கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் நாடியை வரையச் செய்தார்: மூச்சை இழுக்கையில் துடிப்பு விரைகிறது, விடுகையில் தணிகிறது. அதே ஆண்டில்தான் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். அவர் முன்னின்று தமிழாக்குவித்த உடற்றொழிலியல் நூலின் பெயர் 'மனுஷ சுகரணம்'. அந்த அழகிய சொல்லை நாம் ஏன் கைவிட்டோமோ!

1960களில் ஹொன், லீ ஆகியோர், கருவிலுள்ள சிசு இடருறும்போது துடிப்பின் வேகம் மாறுமுன்பே இந்த ஏற்றத்தாழ்வு மாறுவதைக் கவனித்தனர். 1987 இல் கிளைகரும் சகாக்களும் மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரை ஆராய்ந்தனர். மாறுபாடு 50 மில்லிசெக்கனுக்குக் குறைந்தோரின் மரண ஆபத்து, 100 க்கு மேற்பட்டோரினதைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம்.

பாரிசவாதத்துக்கு இதில் என்ன தொடர்பு? இதயத்தை விரைவிக்கும் நரம்புகளையும் தணிக்கும் வேகஸ் நரம்பையும் ஆள்வது மூளை. அங்கு காயம் நேர்ந்தால் இதயத்தின் நெகிழ்வும் குன்றலாம். மாறுபாடு குறைந்த நோயாளர் மெதுவாகத் தேறுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அந்த எண்ணை வைத்து வைத்தியர்கள் சிகிச்சையை வகுப்பதில்லை.

எண் உயர்ந்தால் மகிழ்ந்துவிடவும் முடியாது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் பிப்ரிலேசனிலும் அது உயரும். மூச்சோடு இசையும் சீரின்மை வேறு, இது வேறு. இரத்தக்கட்டி உருவாகி மூளைக்குச் செல்லும் வழி இது. அதைக் கண்டறிய ஈசிஜி வேண்டும். எனக்கும் ஒருநாள் முழுவதும் பதிவுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள், எதுவும் அகப்படவில்லை. அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.