உள்வைப்புப் பல்லும் ஒட்டு எலும்பும்: ஒரு தேவையின் வரலாறு

இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் பல் உள்வைப்பு, அதாவது வழக்கில் 'இம்ப்ளான்ட்' எனப்படும் சிகிச்சை, தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. திருகு நிற்பதற்குப் போதிய எலும்பு இல்லாத இடத்தை வேறிடத்து எலும்பாலோ அதற்கு மாற்றான பொருளாலோ நிரப்புவது 'எலும்பு ஒட்டு' எனப்படும். அந்த ஒட்டு தேவைதானா என்னும் கேள்விக்கு இக்காலப்பகுதியில் மூன்று வேறுபட்ட விடைகள் தரப்பட்டுள்ளன. தாடையின் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே என்பதால், விடை மாறியதன் காரணத்தைச் சிகிச்சையின் நோக்கத்திலும் கருவிகளிலும்தான் தேட வேண்டும்.

சுவீடனின் லுண்ட் நகரில் 1952ஆம் ஆண்டில் எலும்பு ஆறும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியை மீண்டும் கழற்ற இயலாதவாறு எலும்பு அதனுடன் இறுகப் பிணைந்திருப்பதைக் கண்டார். இப்பிணைப்பைப் பல் மருத்துவத்துக்குப் பயன்படுத்தி, 1965இல் கோத்தன்பர்க் நகரில் முதன்முதலாக மனிதத் தாடையில் அவர் திருகுகளைப் பதித்தார். அத்தொடக்க காலத்தில் பெரிதும் நாடப்பட்ட இடம் கீழ்த்தாடையின் முன்பகுதியாகும். அங்கு எலும்பு அடர்த்தியானது, நரம்புக் குழாயும் குறுக்கிடுவதில்லை. பற்கள் அனைத்தையும் இழந்தவர் மென்று உண்ண வேண்டும் என்பதே அன்றைய குறிக்கோள் என்பதால், எலும்பு இருக்கும் இடத்தில் திருகைப் பதித்துவிட்டு, பல்வரிசையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது போதுமானதாக இருந்தது. ஆகவே பெரும்பாலோர்க்கு ஒட்டு தேவைப்படவில்லை.

1980களில் உள்வைப்பு உலகெங்கும் பரவி, ஓரிரு பற்களை மட்டும் இழந்தவர்களுக்கும் செய்யப்படலானபோது நிலைமை மாறியது. பல்வேரைத் தாங்கும் எலும்பு வரம்பு, பல் நீங்கியதும் தன் வேலையை இழந்து கரையத் தொடங்குகிறது. ஒரு பல் பிடுங்கப்பட்ட இடத்தில் 12 மாதங்களுக்குள் வரம்பின் அகலத்தில் ஏறத்தாழ பாதி குறைவதாகவும், அதில் மூன்றில் இரு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நிகழ்வதாகவும் டென்மார்க் ஆய்வாளர்கள் 2003இல் பதிவு செய்தனர். மேல்தாடையின் பின்பகுதியிலோ, மேல்தாடை எலும்புக்குள் உள்ள காற்றறையாகிய சைனஸும் கீழிறங்கி, எஞ்சிய உயரத்தையும் குறைத்துவிடுகிறது. அடுத்தடுத்த பற்களோடு பொருந்தி நிற்க வேண்டிய புதிய பல்லை எலும்பு இருக்கும் இடத்துக்கு நகர்த்த முடியாது என்பதால், பல் நிற்க வேண்டிய இடத்துக்கு எலும்பைக் கொண்டுவரும் முறைகள் உருவாயின. சைனஸின் அடிச்சவ்வை உயர்த்தி அதன்கீழ் எலும்பை நிரப்பும் முறையை அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் வளர்த்தெடுத்தார். ஃபிலிப் பாய்னும் ராபர்ட் ஜேம்ஸும் 1980இல் அதைக் குறித்து எழுதினர். ஈறுத் திசு எலும்பைவிட விரைவாக வளர்ந்து குழியை அடைத்துக்கொள்வதைத் தடுக்க, இடையே ஒரு சவ்வை விரித்து எலும்புக்கு இடம் ஒதுக்கும் முறையைச் சுவீடனின் கிறிஸ்டர் டாலினும் அவருடைய குழுவினரும் 1988இல் விலங்காய்வில் நிறுவினர்.

ஒட்டுக்கான பொருள் நோயாளியின் மோவாய், பின்தாடை, இடுப்பு ஆகியவற்றிலிருந்தோ, கொடையாளரின் பதப்படுத்திய எலும்பிலிருந்தோ, மாட்டெலும்பின் கனிமப் பகுதியிலிருந்தோ பெறப்பட்டது. இவற்றுள் சொந்த எலும்பு மட்டுமே உயிரணுக்களைக் கொண்டிருந்தது. ஏனையவை புது எலும்பு படர்வதற்கான சாரமாக அமைந்தன. எனினும் சொந்த எலும்பை எடுக்க இரண்டாவது காயம் ஏற்படுவதும், எந்த ஒட்டும் முதிர்வதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருப்பதும், செலவு கூடுவதும் ஒட்டைத் தவிர்க்கும் வழிகளை நாடச் செய்தன.

மூன்றாம் விடை அவ்வழிகளிலிருந்தே பிறந்தது. வழவழப்பான பழைய திருகுகள் உறுதிக்கு நீளத்தையே நம்பியிருந்தன; மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியதும் எலும்பின் பிடிப்பு வலுத்து, குட்டைத் திருகுகளும் நிலைக்கலாயின. பற்கள் முழுவதையும் இழந்த தாடையில் நான்கே உள்வைப்புகளைப் பதித்து, பின்னிரண்டையும் சாய்வாக நிறுத்தி முழு வரிசையையும் தாங்கச் செய்யும் முறையை லிஸ்பன் நகரின் பாவ்லோ மாலோவும் அவருடன் பணியாற்றியோரும் 2003இல் வெளியிட்டனர். 1990களின் பிற்பகுதியில் வந்த கூம்புக்கதிர் சி.டி. ஸ்கேன், எஞ்சிய எலும்பை முப்பரிமாணத்தில் அளந்து காட்டியதால், ஊகத்தின் பேரில் ஒட்டு வைக்க வேண்டிய நிலையும் குறைந்தது.

ஆயினும் பழைய விடைகள் எவையும் முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை. வரம்பு திருகைவிடக் குறுகியிருக்கும்போதும், சிரிக்கையில் தெரியும் மேல்முன்பல்லுக்கு ஈறின் வடிவத்தைக் காக்க வேண்டியிருக்கும்போதும் ஒட்டு இன்றும் இன்றியமையாதது. போதிய அகலமும் உயரமும் உள்ள இடத்தில் அது வீண் சுமையே. ஆகவே எலும்பின் அளவை மட்டும் கேட்டு இக்கேள்விக்கு விடைகூற இயலாது. பல் எங்கே நிற்க வேண்டும், அதை எந்தத் திருகு தாங்கப்போகிறது என்பவை முடிவான பின்னரே ஒட்டின் தேவை தெளிவாகும்.