போயிட்டு வர்றேன்

ஆறு மாத ஆன்சைட் வேலைக்காக ஜெர்மனி கிளம்பியபோது லேப்டாப்பில் ஒரு எக்செல் தாள் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கடன் தவணை, மகளின் தடுப்பூசித் தேதி, அப்பாவின் மாத்திரை, கேஸ் புக் செய்கிற நம்பர். மனைவி பார்த்துவிட்டு, “இதெல்லாம் இப்பவும் நான்தானே பாத்துட்டிருக்கேன்?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே போய் ஆல்ஃபிரெட் வெகனரைப் படித்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

வெகனரை நமக்குப் பள்ளிப் பாடத்தில் தெரியும். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912 ஜனவரியில் சொல்லி, புவியியலாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். தொழிலில் அவர் வானிலை ஆய்வாளர். அவர் மனசு கிடந்தது கிரீன்லாந்துப் பனியில். நான்கு முறை அங்கே போனார்.

முதல் பயணம் 1906இல். குழுத்தலைவரும் இன்னும் இருவரும் பனியிலேயே செத்துப்போனார்கள். 1912இல் இரண்டாவது பயணம் கிளம்பும்போது எல்ஸேயோடு நிச்சயம் ஆகியிருந்தது. உலகத் தட்பவெப்பத்தை வகை பிரித்த கெப்பனின் மகள் எல்ஸே. அப்போது வயது இருபது. பனிமேல் குளிர்காலத்தைக் கழித்து, தீவை குறுக்கே கடந்து, சாப்பாடு தீர்ந்து சாகக் கிடந்து அவர் திரும்பி வந்த பிறகு, 1913இல் கல்யாணம். அடுத்த வருடமே போர். அதில் இரண்டு முறை காயம். ஆக, காத்திருப்பது எப்படி என்று எல்ஸேவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1929இல் ஒரு முன்னோட்டப் பயணம். 1930 ஏப்ரலில் பெரும்பயணம். அப்போது அவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் பேராசிரியர். நிலையான வேலை, மூன்று மகள்கள், வயது ஐம்பதை நெருங்குகிறது. எதற்காகப் போனார்? வெடிவைத்து எதிரொலியைக் கேட்டுப் பனியின் ஆழத்தை அளக்க. நடுப்பனியில் ஒரு வருடம் முழுக்க வானிலையைக் குறித்துவைக்க. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே விமானம் விடவேண்டுமானால் அந்த வானிலை தெரிந்தாக வேண்டும்.

தயாரிப்பில் குறையில்லை. ஐஸ்லாந்துக் குதிரைகள், நாய் வண்டிகள், விசிறியால் ஓடும் மோட்டார் சறுக்கு வண்டிகள். ஆனால் கடல்பனி உடையாமல் கரையிலேயே 38 நாட்கள் போயின. மிச்சமெல்லாம் அந்தத் தாமதத்தின் கணக்குத்தான். கரையிலிருந்து 400 கி.மீ. உள்ளே ‘ஐஸ்மிட்டே’ நிலையத்தில் இருந்த இரண்டு பேருக்குச் சாமான் போதவில்லை. பொருள் வராவிட்டால் அக்டோபர் 20ஆம் தேதி நடந்தே கிளம்பிவிடுவோம் என்று சீட்டு அனுப்பினார்கள். பிறகு மனசை மாற்றிக்கொண்டு அங்கேயே இருக்க முடிவெடுத்தார்கள். அதைச் சொல்ல அவர்களிடம் ரேடியோ இல்லை.

வெகனர் செப்டம்பர் 21 அன்று புறப்பட்டார். கூட வந்த 13 கிரீன்லாந்துக்காரர்களில் கடைசியில் மிஞ்சியவர் ராஸ்முஸ் வில்லும்சென் ஒருவர்தான். மற்றவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பனி தெரியும். அக்டோபர் 30 அன்று வெகனர், லோவே, ராஸ்முஸ் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். பனி தின்ற லோவேயின் கால்விரல்களைப் பேனாக்கத்தியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. நவம்பர் 1, வெகனரின் ஐம்பதாவது பிறந்தநாள். அன்றைக்கே அவரும் ராஸ்முஸும் கரைக்குத் திரும்பக் கிளம்பினார்கள்.

1931 மே மாதம் வெகனரின் உடல் கிடைத்தது. ராஸ்முஸ் அதை ஒழுங்காகப் புதைத்து, அடையாளத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டுவைத்திருந்தார். வெகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் மேலே போயிருக்க வேண்டும். அவரும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை.

உடலைக் கொண்டுவர ஜெர்மன் அரசு தயாராக இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்றார் எல்ஸே. அடுத்த வருடம் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். நூறு வயது வரை, 1992 வரை, வாழ்ந்தார். கணவர் சொன்னது சரிதான் என்று உலகம் ஒப்புக்கொண்டதை அவர் பார்த்தார். அவர் பார்க்கவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது ராஸ்முஸ்தான். இருபதுகளில் இருந்த இளைஞர். எல்ஸே காத்திருந்த கதை அச்சில் இருக்கிறது. ராஸ்முஸின் வீட்டில் யார் காத்திருந்தார்கள், என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்று நான் படித்த எதிலும் இல்லை. அறிவியலுக்காகக் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் என்று நாம் எழுதும் பட்டியலில் சாமான் சுமந்தவர்கள் ஏன் வருவதே இல்லை?

நம்மூரில் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஏர்போர்ட்டில் நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்வது சுலபம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து அந்த எக்செல் தாளைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியிருந்தவை பதினேழு வரிகள். அவற்றுக்குக் கீழே மனைவி சேர்த்திருந்தவை நாற்பதுக்கும் மேல்.