பொல்லாத பிள்ளைகள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால், ஏன் அடித்தான் என்று தெரியாமல் அவனுக்குப் பேனா ஓடாது. பொறாமை, வஞ்சம், இளமையில் பட்ட அவமானம், ஏதாவது ஒன்று அகப்பட்டாக வேண்டும். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். முதல் உலக யுத்த காலத்தில் பரவிய ஒரு நோயின் சரித்திரத்தைப் படித்த பிறகு, அந்த வழக்கத்தில் எனக்கே சந்தேகம் தட்டிவிட்டது.

1917-இல் வியன்னா நகரத்து டாக்டர் கான்ஸ்டன்டின் வான் எகானமோ அந்த நோயை வர்ணித்து எழுதினார். மூளை அழன்று, நோயாளிகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் உறங்கினார்கள். பலர் உறக்கத்திலேயே மாண்டார்கள். பிழைத்த பெரியவர்களில் பலர் சில ஆண்டுகளில் உடல் விறைத்து மரப்பாவை போலானார்கள்.

குழந்தைகள் கதை வேறு. சமர்த்தாக இருந்த பிள்ளைகள் நோயிலிருந்து எழுந்ததும் கடித்தார்கள், திருடினார்கள், உடன்பிறந்தவர்களையே தாக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களை வைத்துக்கொள்ள முடியவில்லை. சிலர் மனநோய் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என்னை உலுக்கியது இதுவல்ல. செய்து முடித்த பிறகு அவர்களில் பலர் வருந்தி அழுதார்கள். தவறென்று தெரிகிறது, தடுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை என்றார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1960-இல், அதே வியன்னாவில் எஹ்ரிங்கர், ஹோர்னிகிவிச் என்ற இருவர் பார்க்கின்ஸன் நோயில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். டோபமைன் என்ற இரசாயனம் அதில் மிகவும் குறைந்திருந்தது. அது ஊறும் இடம் மூளையின் நடுப்பகுதி. பழைய காய்ச்சல் அரித்துத் தின்றதும் அந்தப் பகுதியைத்தான்.

குறையை ஈடுசெய்ய எல்-டோபா என்ற மருந்து வந்தது. 1969-இல் நியூயார்க்கில் டாக்டர் ஆலிவர் ஸாக்ஸ் அதைப் பல்லாண்டுகளாகச் சிலையாகக் கிடந்த அந்தப் பழைய நோயாளிகளுக்குக் கொடுத்தார். எழுந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். ஆனால் நாள் செல்லச் செல்லச் சிலரிடம் தாங்காத படபடப்பும் மூர்க்கமும் தலைதூக்கின. மருந்தை நிறுத்தினால் மூர்க்கம் அடங்கிற்று. கூடவே மனிதரும் பழையபடி அடங்கிப் போனார்.

கோபமெல்லாம் இரசாயனம்தானா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அடிக்கிறவர்கள் எல்லோரும் நோயாளிகளல்ல. நோயாளிகள் எல்லோரும் அடிப்பதுமில்லை. அந்தப் பிள்ளைகளின் மூர்க்கத்தை டோபமைன் ஒன்றின் கணக்கிலேயே எழுதிவிடவும் முடியாது. ஆனால், "வளர்த்த லட்சணம் இப்படி" என்று ஒரு தாயின் காதுபடப் பேசுவது எவ்வளவு சுலபம்! அந்தச் சுலபமான தீர்ப்பை என் கதைகளில் நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை எண்ணும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.