சாக்லேட்டும் ஒருசந்தியும்

இடைவெளி விட்டு உண்ணாநோன்பு இருப்பவர்கள் சர்க்கரையில்லாத டயட் கோலாவைக் குடிக்கலாமா? இதே வழக்கு 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சாக்லேட்டின் பேரில் நடந்தது. கத்தோலிக்கர்களின் ஒருசந்தி நாளில் முழுச் சாப்பாடு ஒருவேளைதான். பானம் குடித்தால் நோன்பு முறியாது என்பது பழைய விதி. மெக்சிகோவிலிருந்து வந்த சாக்லேட்டோ அன்று குடிக்கும் பொருள். வறுத்து அரைத்த கொக்கோவோடு சர்க்கரையும் வாசனைச் சரக்கும் சேர்த்து, தண்ணீரில் கரைத்து, நுரை பொங்கக் கடைந்து கொடுப்பார்கள். சிலர் சோளமாவும் கலந்தார்கள். ஒரு கிண்ணம் உள்ளே போனால் பசி அடங்கிவிடும். அப்படியானால் இது பானமா, சாப்பாடா? 1636இல் மாட்ரிடில் அந்தோனியோ தெ லெயோன் பினெலோ இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு நூல் வெளியிட்டார். 1660களில் ரோமில் கர்தினால் பிரான்காச்சோ, முறியாது என்று வாதிட்டு எழுதினார். இயேசு சபையார் பெரும்பாலும் அந்தப் பக்கம். தொமினிக்கன் சபையார் பலர் எதிர்ப்பக்கம்.

திரவம்தானே என்ற வாதம் சப்பையானது. அப்படிப் பார்த்தால் கஞ்சியும் திரவம்தான். இதைவிடக் கூர்மையான அளவுகோலை 13ஆம் நூற்றாண்டிலேயே தோமா அக்குவினாஸ் தந்திருந்தார் (அவரும் தொமினிக்கன் சபைக்காரர்தான்). செரிமானத்துக்காகச் சாப்பிடும் லேகியம் சற்று ஊட்டம் தந்தாலும் நோன்பை முறிக்காது. அதையே சாக்காக்கி உணவுபோல நிறையத் தின்றால் முறியும் என்றார். எதற்காக, எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்.

அது மனச்சாட்சி விவகாரம், உடலுக்கு நோக்கம் தெரியுமா என்று கேட்கலாம். தெரியாதுதான். டயட் கோலாவில் கலோரி ஏறக்குறைய பூஜ்யம். இனிப்பூட்டிகள் இன்சுலினைத் தூண்டுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் 16 மணி நேரம் உண்ணக்கூடாது என்று கெடு வைத்தது உடல் அல்லவே, நாம்தானே? 1952இல் புரூக்ளினில் ஹைமன் கிர்ஷ் சர்க்கரையில்லாத ‘நோ-கேல்’ பானத்தைக் கொண்டுவந்ததுகூட நீரிழிவுக்காரர்களை மனத்தில் வைத்துத்தான், நோன்பிருப்பவர்களுக்காக அல்ல. கலோரியைக் குறைப்பது மட்டுமே குறி என்றால் ஒரு டப்பாவால் நோன்பு முறியாது. இனிப்பு ஆசையைத் தணிக்க நோன்பிருப்பவருக்கு அது முறிவுதான். எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. பசிக்கும்போதெல்லாம் ஒரு டப்பாவை உடைப்பவர், அக்குவினாஸ் சொன்ன லேகியச் சாக்கைத்தான் சொல்கிறார்.