பச்சை விளக்குக்கு என்ன பொருள்?

பல கம்பெனிகளைச் சேர்த்து ஒரே நிறுவனமாக்கும்போது எதைப் பொதுவாக்குவது, எதை அப்படியே விடுவது? பிரெஞ்சு ரயில்வேயின் கதையைக் கேளுங்கள்.

சிறு கம்பெனிகளை விழுங்கி வளர்ந்த சில பெரிய கம்பெனிகள்தான் அங்கே ரயில் விட்டன. அந்நாளில் வெள்ளை விளக்கு என்றால் ‘போகலாம்’, பச்சை என்றால் ‘மெதுவாக’. சிவப்புக் கண்ணாடி உடைந்தால் வெள்ளை வெளிச்சம்தானே தெரியும்? டிரைவர் நேரே போய்விடுவார்! உயிர் போகிற சங்கதி. 1930-இல் வந்த ‘வெர்லான் விதி’ வெள்ளையை நீக்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்றாக்கியது. 1938 ஜனவரி 1-இல் கம்பெனிகள் எஸ்.என்.சி.எஃப். என்று ஒன்றானபோது பொது விதி தயாராக இருந்தது.

ஆனால் பிரான்சில் ரயில் இடப்பக்கம் ஓடும். 1871 முதல் ஜெர்மனி வசமிருந்து, முதல் உலகப்போருக்குப் பின் திரும்பிவந்த அல்சாஸில் வலப்பக்கம். இன்றும் அப்படியே. ஸ்டேஷன், சிக்னல் எல்லாவற்றையும் பெயர்த்துப் போடுவானேன்? பழைய எல்லையருகே ஒரு தண்டவாளத்தைப் பாலத்தில் ஏற்றி மறுபக்கம் இறக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘சோ த மூத்தோன்’, அதாவது ஆட்டுத் தாண்டல் என்று பெயர்.

புதுவையில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளை ஆங்கிலப் படிவங்களில் பெயர்த்தெழுதிய குமாஸ்தா நான். எங்களுக்கும் அப்படியொரு பாலம் கட்டியிருக்கலாம்.